தை வெயிலை நம்பி விதைக்கலாமா?

மார்கழி நடுவில் மழை நான்கு நாள் ஓய்ந்து, வானம் வெளுத்து, வெயில் இதமாக விழத் தொடங்கினால், புறநோயாளர் பிரிவுக்கு வருவோரின் பேச்சில் நோய்க்கு அடுத்தபடியாகத் தோட்டம் இடம்பெறத் தொடங்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் விளை கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு மருந்தடிக்காத கீரையும் காயும் கொடுக்க வேண்டும். இன்றைக்கே விதைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மண் ஆயத்தமாகிவிட்டதா என்பது ஒன்று. அந்த மண்ணில் இறங்கப்போகிறவரின் உடல் ஆயத்தமாகிவிட்டதா என்பது மற்றொன்று. முதலாவதைத் தவறாகக் கணித்தால் ஒரு பிடி விதை போகும். இரண்டாவதைத் தவறாகக் கணித்தால் காலில் புண்ணோடும் காய்ச்சலோடும் மீண்டும் எங்களிடம் வர நேரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

எங்கள் வசந்தம்

இரணியல், திங்கள்சந்தை, தக்கலை வட்டாரத்தில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவத்தைச் சுட்டிக் காட்ட இயலாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரு பெருமழையை எதிர்பார்த்து வாழ்கிறது, நமக்கு இரண்டு. இடவம் பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று. துலாம் மாதத்தில் இடியோடு வரும் வடகிழக்குப் பருவமழை மற்றொன்று. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் பின்வந்த ஆட்சியோடும் இணைந்திருந்த மண் ஆதலால், நம் முதியவர்கள் ஐப்பசி என்றும் சொல்வார்கள், துலாம் என்றும் சொல்வார்கள். நெல்லின் இரு போகங்களுக்கும் பெயர் வந்ததும் அந்தக் கொல்லம் ஆண்டுக் கணக்கிலிருந்துதான். கன்னி மாதத்தில் அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதத்தில் அறுவடையாவது கும்பப்பூ. விதைத்த மாதத்தின் பெயரை வைக்காமல் அறுக்கும் மாதத்தின் பெயரை வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த மாதத்தில் கதிர் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளை அடைவது அவர்களின் கணக்கு. வீட்டுத் தோட்டத்துக்கும் அதுவே நல்ல கணக்கு.

அந்தக் கணக்கின்படி பார்த்தால், காய்கறித் தோட்டத்துக்கு நமக்கு வசந்தமாக அமைவது தை. துலாமழை ஓய்ந்திருக்கும்; மண்ணுக்குள் ஈரம் நிற்கும்; வெயில் இன்னும் கடுமை கொண்டிருக்காது; காலையில் பனி இறங்கும். பேச்சிப்பாறை அணையின் நீர் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி இறுதிவரை கால்வாய்களில் ஓடுவதால், கரையோரக் கிணறுகளில் மாசிவரை தண்ணீர் மேலேயே நிற்கும். பங்குனியில் கால்வாய் வற்றும், கிணறு இறங்கும், வெயில் ஏறும். ஆக, மழை உண்மையாகவே நின்றுவிட்ட நாளுக்கும் கிணறு இறங்கத் தொடங்கும் நாளுக்கும் இடையே ஏறக்குறைய எட்டு வாரம் மட்டுமே கையில் இருக்கிறது. முந்தினால் மழை கெடுக்கும்; பிந்தினால் வெயில் கெடுக்கும்.

பிந்துவதால் வரும் இடர்ப்பாட்டை நோயாளியைப் பராமரிப்பவர்கள் நன்கு அறிவார்கள். பங்குனி வெயிலில் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பது பெரும்பாலும் அவர்களே; படுக்கையில் இருப்பவருக்குக் கஞ்சி வைத்து, மருந்து கொடுத்து, துணி துவைத்த பிறகு செய்யும் வேலை அது. தோட்டம் ஆறுதலாக இருக்க வேண்டுமானால் அதன் காலத்தைச் சரியாகக் குறித்துக்கொள்வது அவர்களுக்காகவும்தான்.

பிந்தி வரும் மழை

மார்கழியில் நாலு நாள் வெயில் அடித்ததும் மழை போய்விட்டது என்று முடிவு செய்வதில்தான் சிக்கல். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பரில் முடிவது பொதுவழக்கு. அந்த வழக்கு மீறப்பட்ட ஆண்டுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். 2017 நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தின் வாழையையும் ரப்பரையும் முறித்துப் போட்டது. 2021 ஜனவரியில், பொங்கல் நெருங்கிய நாட்களில், தாமிரபரணி வெள்ளமாக ஓடியது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், அதாவது மார்கழி பிறந்தவுடன், தென்மாவட்டங்கள் நான்கிலும் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதற்கு முந்திய வாரம் வெயிலை நம்பிக் கீரை விதைத்தவர்களுக்கு என்ன எஞ்சியிருக்கும்? கீரை விதை கடுகினும் சிறியது. பெருமழையில் அது மண்ணோடு கரைந்து வரப்போரம் போய்ச் சேரும்.

அடித்துச் செல்லப்படாமல் தப்பிய நாற்றுக்கும் நாள் எண்ணப்பட்டுவிடும். நீர் தேங்கிய மண்ணில் வேர் மூச்சுவிட முடியாது. மண் துகள்களுக்கு இடையே இருக்க வேண்டிய காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில் பெருகும் பூஞ்சை, தண்டு மண்ணைத் தொடும் இடத்தை அரித்துவிடும். காலையில் பார்க்கும்போது நாற்று இலை வாடாமலே அடியில் மெலிந்து சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். வந்தபின் மருந்து தேடுவதை விட, வராத நாளில் விதைப்பதே மேல்.

பஞ்சாங்க நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சூரியன் திருவாதிரையில் நிற்கும் ஞாற்றுவேளையில், அதாவது ஜூன் இறுதியை ஒட்டிய இரு வாரங்களில், நல்லமிளகுக் கொடி நடுவதும், மேட மாதம் பத்தாம் உதயத்தில் மரக்கன்று வைப்பதும், கும்ப மாதத்தில் சேனை நடுவதும் திருவிதாங்கூர் மரபு. கும்பத்தில் நட்ட சேனை குடத்தளவு பெருக்கும், மீனத்தில் நட்டது மீன்கண்ணளவே இருக்கும் என்று சொல்லும் வழக்கும் உண்டு. பல தலைமுறை மழையைக் கவனித்துச் சேர்த்த அறிவு அது. எள்ளி ஒதுக்கத் தக்கதன்று. ஆனால் அது சராசரி ஆண்டுக்கான அறிவு. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாள் ஜூன் 1 என்று வானிலைத் துறை வைத்திருக்கிறது. 2023இல் அது ஜூன் 8ஆம் நாள் வந்தது. 2025இல் மே 24ஆம் நாளே வந்துவிட்டது. இரண்டே ஆண்டு இடைவெளியில் பதினைந்து நாள் வேறுபாடு. எனவே நாட்காட்டி எப்போது மண்ணைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். விதைக்கலாம் என்பதை மண்தான் சொல்ல வேண்டும்.

பனி விழும் ஊர்களில்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். ஏப்ரலில் அங்கே பனி உருகிப் புல் தெரியத் தொடங்கும். ஒரு வாரம் வெயில் அடிக்கும். அதைக் கண்டு கத்தரி நாற்றையும் மிளகாய் நாற்றையும் வெளியே நட்டுவிட்டால், ஓர் இரவு உறைபனியில் எல்லாம் கருகிவிடும். செடியின் உயிரணுக்களுக்குள்ளும் அவற்றின் இடையிலும் உள்ள நீர் பனிக்கட்டியாகி அவற்றைச் சிதைத்துவிடுவதே காரணம். காலையில் இலை வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கறுத்துக் கிடக்கும்.

ஆகவே டொராண்டோ நகரை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் மார்ச் மாதத்திலேயே வீட்டுக்குள் சன்னலோரம் விதை போட்டு நாற்று வளர்க்கிறார்கள். மே 25ஆம் நாளுக்கு முந்திய திங்கட்கிழமை விடுமுறையாகிய விக்டோரியா நாள் வந்த பிறகே வெளியே நடுகிறார்கள். அப்போதும் நேரடியாக நட்டுவிடுவதில்லை. நாற்றுத் தொட்டியை முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் வைத்து உள்ளே எடுத்துவிடுவார்கள். மறுநாள் சற்றுக் கூடுதலாக வைப்பார்கள். ஏழு முதல் பத்து நாளில் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கி, அதன்பின் மண்ணுக்கு மாற்றுவார்கள். நாட்கணக்கில் படுத்திருந்தவரை முதல் நாள் கட்டிலோரம் உட்கார வைத்து, மறுநாள் நாற்காலிக்கு மாற்றி, பிறகு தாழ்வாரம் வரை நடத்தும் எங்கள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

நடு ஐரோப்பாவில் இதற்குப் புனிதர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மே 12, 13, 14 ஆகிய நாட்கள் பங்கிராஸ், செர்வாசு, போனிபாஸ் என்னும் புனிதர்களின் திருநாட்கள். மே 15 புனித சோபியாவின் நாள். உறைபனி கடைசியாக ஒருமுறை திரும்பி வந்து பயிரைத் தொடும் நாட்கள் இவை என்று உழவர்கள் கண்டதால், இவர்களுக்குப் பனிப் புனிதர்கள் என்றே பெயர். ஜெர்மனியில் கடைசி நாளைக் குளிர்ந்த சோபியா என்பார்கள். அவர் நாள் கழியும்வரை மென்மையான நாற்றுகளை வெளியே நடமாட்டார்கள். நம் ஊர் அம்மன் கொடைக்கும் மழைக்கும் நாம் முடிச்சுப் போடுவதில்லையா, அதுபோலத்தான்.

அவ்வளவு தொலைவும் போக வேண்டியதில்லை. நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். உதகையின் தாழ்ந்த புல்வெளிகள் விடியலில் உப்புப் படிந்தாற்போல் வெளுத்திருக்கும். தேயிலைத் தளிரும் மலைக்காய்கறியும் அதில் கருகுவது ஆண்டுதோறும் நிகழ்வது. குளிர்ந்த காற்று கனமானது ஆதலால் பள்ளத்தில் இறங்கித் தேங்கும்; மேட்டில் உள்ள செடி தப்பும் இரவில் பள்ளத்தில் உள்ள செடி போய்விடும். நமக்கு மழைநீர் செய்வதை அங்கே குளிர்காற்று செய்கிறது. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே: மேட்டில் நடு, பொறுத்து நடு.

மண்ணைக் கேட்பது எப்படி?

விளையில் ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்துக் கையில் இறுக்கிப் பிடிக்கவும். விரலிடுக்கில் நீர் கசிந்தாலோ, உருண்டையைப் பெருவிரலால் அழுத்தியும் உடையாமல் களிபோல் நசுங்கினாலோ, இன்னும் பொறுக்க வேண்டும். அழுத்தியவுடன் உதிர்ந்தால் மண் ஆயத்தம். இதை இடைவெளி விட்டு மூன்று நாள் செய்து பார்ப்பது நல்லது. நம் செம்மண் மேல்பரப்பில் விரைவாக உலர்ந்து காட்டி ஏமாற்றும். ஆகவேதான் ஒரு சாண் ஆழம் என்கிறோம்.

மண் ஆயத்தமாகும்வரை வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை. கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவன. மழை படாத இறப்புக்குக் கீழே, தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்த ஒரு தட்டில் மார்கழி நடுவிலேயே விதைக்கலாம். கத்தரியும் தக்காளியும் ஒரு மாதத்தில் நடும் பருவத்தை அடையும். மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்கழி 17 வாக்கில் விதைத்தால் தை 20 வாக்கில் கையில் நாற்று இருக்கும். டொராண்டோக்காரர்கள் சன்னலோரம் செய்வதை நாம் இறப்புக்குக் கீழே செய்கிறோம், அவ்வளவே. மாலை நேரத்தில் நட்டு, மூன்று நான்கு நாள் தென்னை ஓலைக்கீற்றைச் சாய்த்து நிழல் தந்தால் நாற்று வாடாது.

வெண்டையை நேரடியாக ஊன்றலாம். தை 15இல் ஊன்றினால் பங்குனி பிறக்கும்போது முதல் காய் பறிக்கலாம். பாகலும் புடலையும் பந்தல் கேட்பவை. அவற்றின் பூ விரியும் காலத்தில் மழை பெய்தால் மகரந்தம் நனைந்து பிஞ்சு பிடிக்காது, எனவே அவற்றைத் தை இறுதிக்குத் தள்ளிப்போடுவது நல்லது. சேனைக்கு மாசிவரை அவசரமே இல்லை. மரச்சீனியைச் சித்திரைக் கோடைமழைக்கு விட்டுவிடலாம்.

கீரையைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கீரை விதையை முழுவதும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். மூன்று பங்காகப் பிரித்து, மணலோடு கலந்து, முதல் பங்கை மேடாக்கிய பாத்தியில் இன்றும், அடுத்ததைப் பத்து நாள் கழித்தும், மூன்றாவதை இன்னும் பத்து நாள் கழித்தும் தூவுங்கள். பிந்திய மழை வந்தால் ஒரு பங்குதான் போகும். இதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம்.

உடலின் பருவம்

மழை ஓய்ந்த முதல் இரண்டு வாரம் தோட்டத்தில் இறங்க மிகவும் கவர்ச்சியான காலம். நோயாளிக்கு மிகவும் ஆபத்தான காலமும் அதுவே. தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதிலுள்ள எலிக்காய்ச்சல் கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ ஈரத்தில் ஊறி மென்மையான தோல் வழியாகவோ உள்ளே நுழையும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள், சிலருக்கு ஒரு மாதம் வரை கழித்தும், காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்கமுடியாத வலி, கண்சிவப்பு ஆகியவை தோன்றும். தொடக்கத்திலேயே வந்தால் எளிய மருந்தில் குணமாகும். விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். காய்ச்சலோடு வருபவர்கள், தோட்டத்தில் அல்லது வயலில் இறங்கினேன் என்ற ஒரு சொல்லை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். ஓட்டுச் சில்லோ முள்ளோ குத்தியதை அவர்கள் அறியமாட்டார்கள். மூன்றாம் நாள் வீங்கிய பிறகே தெரியும். வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்குவதும், வார்ச்செருப்போடு இறங்குவதும் அவர்களுக்கு ஒன்றே. முழுப் பாதத்தையும் மூடும் காலணி வேண்டும். போடுமுன் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். மாலையில் இரு பாதங்களையும் கழுவித் துடைத்து, பராமரிப்பவர் ஒருவர் வெளிச்சத்தில் அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். மண்ணில் வாழும் ரணஜன்னிக் கிருமிக்கான தடுப்பூசியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது முறை. அழுக்கான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் உடனே வரவும்.

வேதிமருந்துச் சிகிச்சை பெறுவோருக்கு நாட்காட்டி வேறு. பொதுவாக மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த வாரம் மண், எருக்குழி, மட்கிய இலை எதையும் தொட வேண்டாம். கிளறிய எருவிலிருந்து எழும் பூஞ்சை வித்துகள் நலமான நுரையீரலுக்குத் தீங்கு செய்வதில்லை. தளர்ந்த உடலுக்கு நிமோனியாவாக மாறக்கூடும். மூன்று வாரச் சுழற்சியில் மூன்றாம் வாரத்தில் எண்ணிக்கை ஏறிய பிறகு, மருத்துவர் இசைந்தால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து விதை ஊன்றலாம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு உண்பவர்களும் எருவைக் கிளறும் வேலையை வீட்டில் மற்றவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிக்கல் எடையில் இருக்கிறது. பதினைந்து லிட்டர் குடம் தண்ணீரோடு பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். நனைந்த செடி வளர்ப்புப் பையும் அதற்குக் குறையாது. வயிற்றுப் பெரிய அறுவைக்குப் பின் ஆறு வாரமும், நெஞ்செலும்பைத் திறந்து செய்த இதய அறுவைக்குப் பின் எட்டு முதல் பன்னிரண்டு வாரமும் இவற்றைத் தூக்கலாகாது. கார்த்திகையில் இதய அறுவை முடிந்தவருக்குத் தையில் மண்வெட்டி கிடையாது. விதை பொறுக்குவதும் நாற்றுக்கு நீர் தெளிப்பதும் உண்டு. கண்புரை அறுவைக்குப் பின் முதல் ஒரு மாதமேனும் மண்ணும் தூசியும் அழுக்கு நீரும் கண்ணில் படக்கூடாது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நீர் மாத்திரை உண்பவர்கள் குந்தியிருந்து சட்டென எழும்போது தலைசுற்றி விழுவதுண்டு. அவர்கள் ஒரு முக்காலியில் அமர்ந்து வேலை செய்வது நலம்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக: பொந்தில் நீர் புகுந்தால் அது மேட்டுக்கு வரும். ஓலைக்குவியலையும் விறகையும் வெறுங்கையால் நீக்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைக்கவும்.

கீரை ஒரே நாளில் விளைந்தால்

மூன்று பங்காக விதைக்கச் சொன்னோம் அல்லவா? சிறுகீரை மூன்று வாரத்தில் பறிப்புக்கு வரும். முழுப் பாத்தியும் ஒரே வாரத்தில் விளைந்தால் என்ன நடக்கும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததே: வீணாகக் கூடாது என்று காலையில் பொரியல், மதியம் கூட்டு, இரவில் மசியல். இதய வால்வு மாற்றிக்கொண்டு, அல்லது இரத்தக்கட்டிக்காக, வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவருக்கு இது விளையாட்டன்று. கீரையில் நிறைந்துள்ள வைட்டமின் கே அம்மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதுவரை சீராக இருந்த இரத்தப் பரிசோதனை எண், கீரை மிகுந்த வாரத்தில் இறங்கிவிடும். கட்டி உருவாகும் வாய்ப்பு ஏறும். பாத்தி முடிந்து கீரை நின்றுபோன வாரத்தில் எண் ஏறி, இரத்தக்கசிவுக்கு வழியாகும். இவர்கள் கீரையை விலக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு உண்ண வேண்டும் என்கிறோம். பத்து நாள் இடைவெளியில் விதைத்த பாத்தி அந்த ஒரே அளவைத் தானாகவே தரும். மிகுந்ததை அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் அவர்கள் மரச்சீனி பிடுங்கும் நாளில் நமக்கும் வரும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் நிலையில் உள்ள மற்றச் சிறுநீரக நோயாளிகளுக்கும் இன்னும் கூடுதல் கவனம் தேவை. கீரை, கிழங்கு, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. தோட்டத்தில் விளைந்தது, மருந்தடிக்காதது என்பதால் அந்தப் பொட்டாசியம் குறைந்துவிடாது. காயையும் கிழங்கையும் தோல் சீவிச் சிறு துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஒரு பகுதி நீங்கும், முழுவதும் நீங்காது. எவ்வளவு உண்ணலாம் என்பதை உங்கள் கடைசிப் பரிசோதனை முடிவோடு வந்து உணவியலாளரிடம் கேட்டு அறியவும். இவர்கள் வீட்டுத் தோட்டத்தில் வெண்டைக்கும் புடலைக்கும் பாத்தியை அகலமாக்கி, கீரைக்குக் குறுக்குவது எங்கள் பரிந்துரை.

இறங்க முடியாதவர்களுக்கு

படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கும் தோட்டத்தில் பங்கு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்து 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த 23 பேரைக் காட்டிலும் சற்று முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வலிக்கான கடுமையான மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆயினும் நோயாளியின் கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட அது போதிய காரணம். நாற்றுத் தட்டையும் எருக்குழியிலிருந்து விலகிய ஓரிடத்தில், அவர் பார்வைக்குப் படும்படி வைக்கலாம். தட்டின் அடியில் நீர் தேங்கவிடாமல் வாரம் ஒருமுறை கொட்டிவிட வேண்டும். இல்லையேல் கொசு முட்டையிடும்.

கடைசியாக ஒரு கொடி. சித்திரை முதல் நாள் விஷுக்கனிக்குப் பொன்னிற வெள்ளரி வேண்டும். விதையிலிருந்து பழுத்த காய்வரை ஏறக்குறைய எழுபது நாள். சித்திரை ஒன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தை 20 வாக்கில் வந்து நிற்கும். கத்தரி நாற்று நடும் அதே நாட்கள். ஒரு குழி போதும். குழியை வேறொருவர் வெட்டி மண்ணை ஆறவிட்டு, நான்கு விதைகளை மட்டும் நோயாளியின் கையால் இடச் செய்யலாம். முளைத்தபின் நல்லவை இரண்டை விட்டுவைக்கவும். விதைத்த நாளை மருந்துச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை வரும்போது கொடி எத்தனை இலை விட்டிருக்கிறது என்று நாங்களும் கேட்போம்.